பாட நிகழ்ச்சிகளைப் பள்ளிகள் பகிர்ந்துகொள்வது: எதைப் பகிர்வது, எப்படிப் பகிர்வது

கேள்வி இது. சைதாப்பேட்டை, கிண்டி, ஆலந்தூர் வட்டாரத்தில் உள்ள சில பள்ளிகள், அவற்றுள் மாநகராட்சிப் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் அடங்கும், கல்வித் தொலைக்காட்சியிலும் பிற அலைவரிசைகளிலும் வரும் பாட நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, பொதுவான ஓரிடத்தில் சேமித்து, தமக்குள் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றன. இதைச் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்ய முடியுமா, என்ன கருவிகள் தேவை, யார் பொறுப்பேற்பது என்று உதவிபெறும் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் திட்டத்தைப் பதிவுக் கருவியிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் பதிவு செய்ய எண்ணும் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி இப்போதே இலவசமாகக் கிடைக்கிறது. எந்த நிகழ்ச்சியின் எந்த நிமிடம் எந்த வகுப்பின் எந்த அலகுக்கு உதவும், எது உதவாது என்ற தகவல்தான் எங்கும் கிடைப்பதில்லை. அந்தத் தகவல் ஒவ்வொரு பள்ளியிலும் ஓரிரு ஆசிரியர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் பணிமாறுதலிலோ ஓய்விலோ போனால் அதுவும் உடன் போய்விடுகிறது. பள்ளிகள் கூடி முதலில் உருவாக்க வேண்டியது அந்தத் தகவலின் பட்டியலைத்தான். ஹார்ட் டிஸ்க் அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.

என்னென்ன கிடைக்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அதன் படப்பிடிப்பு அரங்கம் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அரசு கேபிளில் 200-ஆம் எண்ணில் அது வந்தது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது வகுப்புவாரியாகவும் பாடவாரியாகவும் தயாரான நிகழ்ச்சிகள் இன்றும் அதன் யூடியூப் பக்கத்தில் உள்ளன. ஒன்றிய அரசின் பக்கத்தில், 2017 ஜூலை 9 அன்று 32 அலைவரிசைகளுடன் ஸ்வயம் பிரபா தொடங்கியது. 2020-இல் வந்த பி.எம். இ-வித்யா திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2022-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், மாநில மொழிகளிலும் பாடம் தருவதற்காக அந்த எண்ணிக்கையை 200 ஆக உயர்த்தப்போவதாக அறிவித்தார்கள். இவற்றுக்கு மாதக் கட்டணம் இல்லை. இவை தவிர, 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் க்யூஆர் கோடுகள் வழியே திறக்கும் காணொலிகளும், 2023-இல் வெளியான மணற்கேணி செயலியில் உள்ள பாடங்களும் இருக்கின்றன.

உங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. சமச்சீர் கல்வி வந்த பிறகு மாநகராட்சிப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி மூன்றுக்கும் பாடத்திட்டம் ஒன்றே. பயிற்று மொழி மாறலாம், அலகின் வரிசை மாறாது. அதற்கு முன்பு மெட்ரிகுலேஷனுக்குத் தனிப் பாடத்திட்டம் இருந்த காலத்தில் இப்படியொரு கூட்டு முயற்சியை யோசிப்பதே கடினமாக இருந்திருக்கும். சிபிஎஸ்இ பள்ளி ஏதேனும் பின்னால் சேர விரும்பினால் அறிவியல், கணிதம் ஆகிய இரண்டில் மட்டும் தொடங்கச் சொல்லுங்கள். சமூக அறிவியலை இரு பாடத்திட்டங்களுக்கும் பொருத்த முயல்வது வீண் உழைப்பு.

பள்ளிகளுக்கான தொலைக்காட்சி நம் நாட்டில் புதிதன்று. டெல்லியில் 1961-இலேயே ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு பள்ளித் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ கல்வி நிகழ்ச்சிகளைக் கொண்டுசேர்த்த ‘சைட்’ சோதனை நடந்தது. ஆந்திரமும் கர்நாடகமும் அந்த ஆறில் உண்டு, தமிழ்நாடு இல்லை. பின்னர் இன்சாட் செயற்கைக்கோள்களின் காலத்தில் ஆறு மாநிலங்களில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் அமைக்கப்பட்டபோதும் தமிழ்நாடு அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று, நமக்குப் பக்கத்து ஊரான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2010-இல் அதன் பணி முடிந்தது.

இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான் சிக்கல் வந்தது. ஒளிபரப்பு ஒரு நேரத்தில் நடக்கும், பள்ளி மணி வேறொரு நேரத்தில் அடிக்கும். ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவுக்கு அறிவியல் பாடவேளை மூன்றாவதாகவும் ‘ஆ’ பிரிவுக்கு ஏழாவதாகவும் இருக்கும்போது, பதினொன்றரை மணி நிகழ்ச்சி யாருக்கு? ஸ்வயம் பிரபாவில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரப் புதிய நிகழ்ச்சிகளை மேலும் ஐந்து முறை திரும்ப ஒளிபரப்பும் ஏற்பாடு இந்தச் சிக்கலைக் கருதிச் செய்யப்பட்டதுதான். மாணவர் வீட்டில் பார்ப்பதற்கு அது போதும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் போதாது.

அமெரிக்காவில் 1961 முதல் 1968 வரை நடந்த ஒரு முயற்சியை இங்கே குறிப்பிடலாம். இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, விமானத்தில் ஒளிபரப்புக் கருவிகளை ஏற்றி, மான்ட்பீலியர் என்ற சிற்றூருக்கு மேலே உயரத்தில் வட்டமிடச் செய்து, சுற்றியுள்ள ஆறு மாநிலங்களின் பள்ளிகளுக்குப் பாடங்களை ஒளிபரப்பினார்கள். கேட்கும்போது வேடிக்கையாக இருந்தாலும், பரந்த பகுதியிலுள்ள பள்ளிகள் பணம் போட்டு ஒரே பாடங்களைப் பகிர்ந்துகொண்ட முன்னோடி முயற்சி அது. விமானம் பறப்பது நின்ற பிறகும் அந்த அமைப்பு, தான் தயாரித்த பாட நாடாக்களைப் பள்ளிகளுக்கு வழங்கும் நூலகமாகச் சில காலம் இயங்கியது. பாடங்களும் அவற்றை ஒழுங்குபடுத்திய பட்டியலும் கருவியைவிட நீண்ட நாள் பயன்பட்டன.

இனிச் சட்டம். கேள்வியில் இதைப் பற்றித்தான் அதிகக் கவலை தெரிகிறது. அந்தக் கவலையில் பாதிக்கு மேல் தேவையற்றது, மீதியைக் கவனமாகக் கையாள வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் ஒளிபரப்பு நிறுவனத்துக்கென்று தனியுரிமை ஒன்று 37-ஆம் பிரிவில் தரப்பட்டுள்ளது. அது 25 ஆண்டுகள் நீடிக்கும். அனுமதியின்றி மறு ஒளிபரப்புச் செய்வது, கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குக் காட்டுவது, பதிவு செய்வது ஆகியன அந்த உரிமையை மீறும் செயல்கள். ஆனால் அடுத்து வரும் 39-ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, உண்மையான கற்பித்தல் அல்லது ஆராய்ச்சிக்காக மட்டுமோ செய்யப்படும் பதிவு மீறலாகாது என்று விலக்களிக்கிறது. ஆகவே உங்கள் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் ஒரு நிகழ்ச்சியைத் தம் வகுப்பில் நடத்துவதற்காகப் பதிவு செய்துகொள்வதில் தடையில்லை. நிகழ்ச்சிக்குள் இருக்கும் படம், இசை போன்றவற்றின் பதிப்புரிமை தனி. அதற்கு 52-ஆம் பிரிவு இருக்கிறது. ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பை மறுபடி எடுத்துக்கொள்வதற்கும், கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாக, அதன் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் ஆகியோருக்கு மட்டும் ஒரு திரைப்படத்தையோ ஒலிப்பதிவையோ காட்டுவதற்கும் அது இடமளிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடநூல் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்தது பற்றிய வழக்கில், 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ‘கற்பித்தலின் போக்கில்’ என்ற தொடருக்கு வகுப்பறை நேரத்தைத் தாண்டிய விரிந்த பொருள் கொண்டது. அந்த வழக்கு அச்சுப் புத்தகங்களைப் பற்றியது, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றியதன்று என்பதை மறக்க வேண்டாம்.

இந்த விலக்குகள் எல்லாம் ஒரு பள்ளிக்குள் நடப்பதற்குத் தெளிவாகப் பொருந்துகின்றன. ஒரு பள்ளி எடுத்த பதிவை இன்னொரு பள்ளிக்குக் கொடுப்பதும், பல பள்ளிகளுக்குப் பொதுவாக ஆண்டுக்கணக்கில் சேமித்து வைப்பதும் அந்தத் தெளிவான எல்லைக்கு வெளியே போகின்றன. பிரிட்டனில் கல்வி நிறுவனங்கள் ஒளிபரப்புகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள ஆண்டு உரிமம் தரும் முகமை இருக்கிறது. அமெரிக்காவில் பதிவை முதல் பத்துப் பள்ளி நாட்களுக்குள் வகுப்பில் காட்டலாம், நாற்பத்தைந்து நாட்களில் அழித்துவிட வேண்டும் என்ற வழிகாட்டுதல் நெடுங்காலமாக உண்டு. நம் சட்டத்தில் அப்படி நாள்கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்படாததை அனுமதி என்று எடுத்துக்கொள்வது விவேகமாகாது.

இதற்குத் தீர்வு எளிது. கல்வித் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகள் அரசின் படைப்புகள். வேறு உடன்பாடு இல்லாதபோது அரசுப் படைப்பின் முதல் உரிமையாளர் அரசே என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே உரிமையாளர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு கடிதம் போதும். மாநகராட்சிப் பள்ளிகள் மாநகராட்சியின் கல்வித் துறை வழியாகவும், உதவிபெறும் பள்ளிகளும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் தத்தம் மாவட்டக் கல்வி அலுவலர் வழியாகவும் அதே வாசகத்தை அனுப்பலாம். பங்கேற்கும் பள்ளிகள் எவை, நோக்கம் வகுப்பறைக் கற்பித்தல் மட்டுமே, கட்டணம் எதுவும் பெறப்படாது, இணையத்தில் மறுபடி ஏற்றப்படாது, நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் வரும் பெயர்களும் முத்திரையும் வெட்டப்படாது, துறை கேட்டால் நீக்கப்படும் என்ற ஆறு செய்திகளும் அதில் இருக்கட்டும். ஒன்றிய அரசின் அலைவரிசைகளுக்கு இதேபோல் அந்தந்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும். எழுத்தில் பதில் வரும்வரை அந்த நிகழ்ச்சிகளுக்கு இணைப்பை மட்டும் பட்டியலில் சேருங்கள், கோப்பைச் சேர்க்காதீர்கள். இணைப்பைத் தருவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

தனியார் அலைவரிசைகளில் வரும் ஆவணப்படங்களைப் பொதுச் சேமிப்பில் வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடல் வாழ் உயிரினங்கள் பற்றிய அழகான படம் வந்தால் அந்தந்த ஆசிரியர் தம் பாடத்துக்கென்று பயன்படுத்திக்கொள்ளட்டும். பல பள்ளிகளின் பெயரும் பொறிக்கப்பட்ட ஒரு வட்டில் (ஹார்ட் டிஸ்க்கில்) அது இருப்பது வேறு விஷயம். யூடியூபிலிருந்து வேறு மென்பொருள்களைக் கொண்டு தரவிறக்குவதும் அந்தத் தளத்தின் விதிமுறைகளுக்கு மாறானது; பதிவேற்றியவரிடம் மூலக் கோப்பைக் கேட்டுப் பெறுவதே நேரான வழி. துறைசார் நிகழ்ச்சிகளுக்கு மூலக் கோப்பு கிடைத்தால், படத்தின் தரமும் இணையத்தில் உள்ளதைவிட நன்றாக இருக்கும்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். திட்டத்தின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பள்ளிகளில் உள்ள காணொலிச் சேமிப்பைத் திறந்து பார்த்தால், ‘பத்தாம் வகுப்பு அறிவியல்’ என்றொரு உறைக்குள் (ஃபோல்டருக்குள்) எண்பது, தொண்ணூறு கோப்புகள் இருக்கும். எதற்குள் என்ன இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும். நாளைக்கு ஒலியியல் நடத்த வேண்டிய ஆசிரியர், இரவு ஒன்பது மணிக்கு இருபத்தைந்து நிமிட நிகழ்ச்சிகள் மூன்றைப் பார்த்து, தமக்கு வேண்டிய நான்கு நிமிடங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் முறை அப்படிச் செய்வார், இரண்டாம் முறையும் செய்யலாம், மூன்றாம் முறை கரும்பலகையே போதும் என்று விட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே பட்டியலின் அடிப்படை அலகு நிகழ்ச்சியாக இருக்கக் கூடாது. நிகழ்ச்சிக்குள் உள்ள துண்டாக இருக்க வேண்டும். ஒரு பதிவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு, அறிவியல், ஐந்தாம் அலகு ஒலியியல், டாப்ளர் விளைவு. இன்ன நிகழ்ச்சி, ஒன்பதாவது நிமிடம் முதல் பதின்மூன்றாவது நிமிடம் வரை. அசைவூட்டப் படம் தெளிவு, கேட்பவர் நகர்வதும் ஒலிமூலம் நகர்வதும் தனித்தனியே காட்டப்படுகின்றன. வாய்பாடு மிக வேகமாகக் கடக்கிறது, அங்கே நிறுத்திக் கரும்பலகையில் எழுத வேண்டும். பார்ப்பதற்கு முன் கிண்டி நிலையத்தில் நிற்காமல் போகும் விரைவு ரயிலின் ஊதல் எப்படிக் கேட்கும் என்று மாணவர்களைக் கேட்கலாம். இவ்வளவுதான். ஐந்தாறு வரி. ஆனால் இந்த ஐந்தாறு வரியை எழுதுவதற்கு, அந்தப் பாடத்தை அந்தக் காணொலியோடு வகுப்பில் நடத்தியிருக்க வேண்டும். பார்த்துவிட்டு மட்டும் எழுதும் குறிப்பில் ‘நன்றாக உள்ளது’ என்பதைத் தவிர வேறெதுவும் இருக்காது.

உதவாதவற்றையும் பட்டியலில் எழுதுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் தயாரான நிகழ்ச்சியில் பாடநூலிலிருந்து பின்னர் நீக்கப்பட்ட பகுதி இருக்கலாம். சமன்பாடு ஒன்று திரையில் தவறாக வந்திருக்கலாம். பேசுபவரின் வேகம் ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். ‘இதை எடுக்க வேண்டாம், காரணம் இது’ என்ற ஒரு வரி மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் அரைமணி நேரம் மிச்சப்படுத்தும். நம் ஆசிரியர்களுக்கு அரசின் தயாரிப்பைப் பற்றி எழுத்தில் குறை சொல்லத் தயக்கம் உண்டு. நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களும் பெரும்பாலும் பணியில் உள்ள ஆசிரியர்களே, அவர்களுக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லி, எழுதியவர் பெயரில்லாமல் பள்ளியின் குறியீட்டை மட்டும் இடும் வழக்கத்தை வைத்துக்கொண்டால் தயக்கம் குறையும்.

தமிழ் வழிப் பிரிவும் ஆங்கில வழிப் பிரிவும் ஒரே பட்டியலில் இருக்கட்டும். அசைவூட்டப் படம் நன்றாக இருந்து பேச்சு மட்டும் வேறு மொழியில் இருந்தால், ஒலியை நிறுத்திவிட்டு ஆசிரியரே விளக்கலாம்; நல்ல ஆசிரியர்கள் பலர் தெரிந்த மொழியாக இருந்தாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அத்தகைய துண்டுகளுக்கு ‘ஒலியின்றிப் பயன்படும்’ என்று தனிக் குறி இடுங்கள். அனுபவத்தில் அதிகம் தேடப்படுவது அந்தக் குறிதான்.

பட்டியலுக்குச் சிறப்பு மென்பொருள் வேண்டாம். எல்லாரும் திறந்து எழுதக்கூடிய ஒரு கூகுள் விரிதாள் போதும். பாடத்துக்கு ஒரு தாள், துண்டுக்கு ஒரு வரிசை. கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு தேவை. வகுப்பறைத் தொலைக்காட்சிகளும் பழைய புரொஜெக்டர்களும் பென்டிரைவில் உள்ள தமிழ்ப் பெயர்களைச் சில நேரங்களில் வெறும் கட்டங்களாகக் காட்டும். வகுப்பு, பாடம், அலகு, வரிசை ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு இலக்கமாக எண்களை மட்டும் கொண்டு பெயரிட்டால் எந்தக் கருவியிலும் சரியான வரிசையில் நிற்கும். தமிழ்த் தலைப்பு விரிதாளில் இருக்கட்டும்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஓர் ஆசிரியர் பேசுவதும் படங்கள் வருவதுமான பாட நிகழ்ச்சிக்கு 720 வரித் தரமும் நொடிக்கு ஒன்றரை மெகாபிட் வேகமும் போதுமானவை. அந்தக் கணக்கில் இருபத்தைந்து நிமிட நிகழ்ச்சி சுமார் 280 மெகாபைட் வரும். ஒரு டெராபைட் வட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் அடங்கும். உங்கள் பள்ளிகளுக்கு அது சில ஆண்டுகளுக்குக் காணும். கோப்பு எம்பி4 வகையாகவும், படச் சுருக்க முறை எச்.264 ஆகவும் இருக்க வேண்டும். எச்.265 இடத்தை மிச்சப்படுத்தும் என்று யாராவது சொல்வார்கள். ஆனால் வகுப்பறைகளில் உள்ள பழைய தொலைக்காட்சிகள் பலவற்றில் அது ஓடாது, ஒலி மட்டும் கேட்கும்.

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சிறிய கணினியைச் சேமிப்பகமாக வைத்து, உள் வலைப்பின்னல் வழியாக வகுப்பறைகளுக்குக் கொடுப்பது நல்லது. பத்து வகுப்பறைகளில் ஒரே நேரத்தில் ஓடினாலும் பதினைந்து மெகாபிட்தான் ஆகிறது. உள் வலைப்பின்னலுக்கு அது ஒன்றுமில்லை. அதே பத்து வகுப்புகள் இணையத்திலிருந்து நேராக எடுத்தால், அலுவலகத்தில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு செய்யும்போது படம் நின்று நின்று வரும். யூடியூபாக இருந்தால் பாடம் முடிந்ததும் அடுத்தாற்போல் என்ன படம் தானாக ஓடத் தொடங்கும் என்பதும் நம் கையில் இல்லை. கோலிப்ரி என்ற இலவச மென்பொருள் இத்தகைய இணையமற்ற சேமிப்பகங்களுக்கென்றே உருவானது. ஒரு பள்ளியின் சேமிப்பிலிருந்து இன்னொரு பள்ளி உள் வலைப்பின்னல் வழியாகவோ வட்டு வழியாகவோ இறக்குமதி செய்துகொள்ளும் வசதி அதில் உண்டு. அது சிக்கலாகத் தோன்றினால் பாடவாரியாக உறைகள் போட்ட ஒரு வட்டும், காணொலியை ஓட்டும் விஎல்சி மென்பொருளும் போதும். பள்ளிக்குப் பள்ளி வட்டு போகும்போது வைரஸும் கூடவே போகும் என்பதால், எழுத முடியாதபடி பூட்டிய ஒரே வட்டை மட்டும் சுற்றுக்கு அனுப்புவது பாதுகாப்பு.

இலவச டிடிஎச் மூலம் நேரடியாகப் பெற விரும்பும் பள்ளிகள், 93.5 பாகை கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளை நோக்கி ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். சென்னையிலிருந்து அது தென்கிழக்குத் திசையில், தரையிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கிறது. அதாவது மிக உயரமான கட்டடம் ஒட்டி நின்றாலன்றி மறைப்பு இருக்காது. ஆனால் இந்த டிடிஎச் ஒளிபரப்பு கனமழையில் சிக்னலை இழக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பாடங்கள் வேகமாக நகரும் அதே மாதங்களில், வடகிழக்குப் பருவமழை இந்த ஊரில் என்ன செய்யும் என்பது தெரிந்ததே. நேரடி ஒளிபரப்பை மட்டும் நம்பிக் கால அட்டவணை போடாதீர்கள். சேமிப்பகக் கணினியைத் தரைத்தளத்தில் வைக்கவும் வேண்டாம். 2015-இலும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் அடையாற்றங்கரைப் பகுதிகளில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பதை உங்கள் பள்ளிக் காவலரே சொல்வார்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு, புதிய குழு அமைக்காதீர்கள் என்பதே என் பதில். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் ஏற்கெனவே குறுவள மையக் கூட்டங்களில் கூடுகிறார்கள். உதவிபெறும் பள்ளி, மெட்ரிகுலேஷன் பள்ளி ஆசிரியர்களையும் அதே நாளில், அதே இடத்தில், கடைசி ஒரு மணி நேரத்துக்கு அழைக்கத் தலைமையாசிரியர்கள் அனுமதி கேட்டுப் பார்க்கலாம். பாடத்துக்கு ஒரு பள்ளி பொறுப்பேற்பது நல்ல முறை. ஒரு பள்ளி கணிதத்தையும் இன்னொன்று அறிவியலையும் கவனிக்கும். எல்லாரும் எல்லாவற்றிலும் எழுதலாம், ஆனால் அந்தத் தாளை ஒழுங்காக வைத்திருப்பது அந்தப் பள்ளியின் வேலை. தாளாளர்கள் கையெழுத்திடும் இரண்டு பக்க உடன்படிக்கை ஒன்று இருக்கட்டும். ஒரு பள்ளி விலகினால் அது எழுதிய குறிப்புகள் பொதுப் பட்டியலில் தொடரும் என்ற ஒரு விதியை மட்டும் அதில் மறக்காமல் சேருங்கள். தொடங்கும்போது யாரும் விலகுவதைப் பற்றி யோசிப்பதில்லை.

சில மாதங்கள் போனதும் உங்கள் ஆசிரியர்களே பாடங்களைப் பதிவு செய்ய ஆசைப்படுவார்கள். வரவேற்க வேண்டியதுதான். உப்புகளின் நீர்க்கரைசலைக் கொண்டு செய்யும் ஒரு சோதனையைத் தம் ஆய்வகத்திலேயே ஐந்து நிமிடத்துக்குப் படமெடுத்தால், அது அரங்கத்தில் தயாரான நிகழ்ச்சியைவிட மாணவர்களுக்கு நெருக்கமாக இருக்கும். பணியின் பகுதியாக ஆசிரியர் தயாரிப்பதன் முதல் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை தருபவருடையது. இதில் பின்னால் மனக்கசப்பு வராதிருக்க, ஆசிரியர் பெயர் எப்போதும் திரையில் வரும் என்றும், பணி மாறிய பிறகும் அவர் அதைப் பயன்படுத்தலாம் என்றும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். பின்னணியில் திரைப்பட இசை வேண்டாம். ஆண்டு விழாக் காணொலிகளின் பழக்கத்தில் யாராவது சேர்த்துவிடுவார்கள். அந்த ஒரு நிமிட இசைக்காக முழுப் பாடத்தையும் நீக்க நேரும். மாணவர்களின் முகம் தெரியும் காட்சி பள்ளியை விட்டு வெளியே போவதானால் பெற்றோரின் எழுத்துவழி இசைவு தேவை. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவைக் கேட்கிறது. கைகளும் கருவிகளும் மட்டும் தெரியுமாறு படமெடுத்தால் இந்தச் சிக்கலே எழாது.

செவித்திறன் குறைந்த மாணவர்கள் உங்கள் பள்ளிகளில் இருந்தால், 2024 டிசம்பரில் தொடங்கிய பி.எம். இ-வித்யாவின் 31-ஆம் அலைவரிசை இந்தியச் சைகை மொழிக்கென்றே இருப்பதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவத்தில், இலாப நோக்கமின்றி ஒரு படைப்பை மாற்றியமைத்துத் தருவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் தனி விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே ஒரு நிகழ்ச்சிக்குத் தமிழில் எழுத்துவரிகள் சேர்த்து அந்த மாணவர்களுக்குத் தருவதில் மற்றப் பகிர்வுகளைவிடச் சட்டத் தடை குறைவு. எழுத்துவரிகள் வந்துவிட்டால் கடைசி இருக்கையில் இருந்து சரியாகக் கேட்காத மாணவருக்கும் அவை உதவும்.

செலவைப் பொறுத்தவரை, ஏற்கெனவே திறன் வகுப்பறையோ ஹைடெக் லேபோ உள்ள பள்ளிக்கு ஒரு வட்டும், சிறிய கணினி ஒன்றும், அதற்கொரு யூபிஎஸ்ஸும்தான் புதிதாக வேண்டும். முதல் பருவத்துக்கு அதுவும் வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியல், எட்டாம் வகுப்புக் கணிதம் என்று இரண்டு பாடங்களை மட்டும் எடுத்து, காலாண்டுத் தேர்வுக்குள் அலகுக்கு ஐந்து துண்டுகள் என்ற அளவில் விரிதாளை நிரப்புங்கள். அனுமதிக் கடிதங்களை ஜூன் மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள். தேர்வு விடுமுறைக்குப் பிறகு நடக்கும் கூட்டத்தில், எத்தனை ஆசிரியர்கள் தாங்கள் எழுதாத துண்டுகளை வகுப்பில் பயன்படுத்தினார்கள் என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்துக் கணினி வாங்குவதை முடிவு செய்யலாம்.